வயலோரத்திலும் எருக்குழியிலும் காணப்படும் காலிலி

மலைநாட்டிலும் ஈரவலயத்துத் தாழ்நிலங்களிலும் கமஞ்செய்வோர் பலர், எருக்குழியைக் கிளறும்போதோ வாய்க்காற் கரையை வெட்டிச் செப்பனிடும்போதோ, வழுவழுப்பான நீண்ட பிராணியொன்று மண்ணோடு புரண்டு வெளிவருவதைக் கண்டிருப்பர். அதன் உடல் நீலஞ் சாயலான கருங்கபில நிறமுடையது. இரு விலாப்புறங்களிலும் தலையை அடுத்துத் தொடங்கி வால்வரை மஞ்சள் நிறக் கோடொன்று ஓடும். காலில்லை, கண்ணும் இருப்பதாகத் தோன்றாது. கண்டவர் பாம்பென்றெண்ணி உடனே மண்வெட்டியால் இரண்டாக வெட்டிவிடுதல் வழக்கமாக இருந்து வருகின்றது. இப்பிராணியின் உண்மையான இயல்பையும், அது வாழும் இடத்தையும், அதனைக் கண்டால் கமக்காரர் செய்யத்தக்கதையும் எடுத்துக் கூறுதலே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

இது தவளைக்கும் தேரைக்கும் உறவான பிராணி. நீரிலும் நிலத்திலும் வாழ்க்கையைப் பகிர்ந்துகொள்ளும் ஈரூடகவாழிகளுள், தவளையும் தேரையும் ஒரு பிரிவு. வாலுடைய சலமந்தர்கள் இன்னொரு பிரிவு. காலே இல்லாத இவை மூன்றாம் பிரிவு. உலகில் இம்மூன்றாம் பிரிவைச் சேர்ந்த இருநூறுக்கு மேற்பட்ட இனங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. அவை ஆசியா, ஆபிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வெப்பமண்டல நாடுகளில் வாழ்வன. மடகாசுக்கரிலும் அவுத்திரேலியாவிலும் இல்லை. இவற்றைக் காலிலிகள் என இங்கு வழங்குவோம்.

இலங்கையில் இப்பிரிவைச் சேர்ந்த மூன்று இனங்கள் உள்ளன. மூன்றும் இத்தீவுக்கே உரியன; பிறநாட்டில் இயற்கையாக வாழ்வன அல்ல. அவற்றுள் மஞ்சட் கோடுடையதே கமக்காரர் கண்ணிற் பெரும்பாலும் படுவது. இக்தியோபிசு குளூற்றினோசசு என்பது அதன் விஞ்ஞானப் பெயர். முதற் சொல் மீன், பாம்பு என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. இரண்டாவது பிசுபிசுப்பானது என்று பொருள்படும் இலத்தீன் சொல். சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758 ஆம் ஆண்டிலேயே இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டுள்ளார். மற்றை இரண்டும் மஞ்சட் கோடில்லாதவை. அமெரிக்கரான ரெயிலர் 1960 ஆம், 1965 ஆம் ஆண்டுகளில் அவற்றை விவரித்தார்.

உடலமைப்பு

வளர்ந்த காலிலி ஏறக்குறைய 40 சதமமீற்றர், அதாவது 16 அங்குலம் வரை நீளமுடையதாகும். பருமன் கைவிரலளவே. உடல் முழுவதும் முந்நூற்றுக்கு மேற்பட்ட மெல்லிய வளைய மடிப்புகள் நெருங்கி அமைந்துள்ளன. மண்புழுவென்று சிலர் மயங்குவதற்குக் காரணம் இம்மடிப்புகளே. மண்புழுவுக்கு எலும்பில்லை, தாடையுமில்லை. காலிலிக்கோ உறுதியான மண்டையோடும் முள்ளந்தண்டும் உண்டு. வாயைத் திறந்து நோக்கினாற் கூரிய சிறு பற்கள் வரிசையாக இருத்தலைக் காணலாம். வால் மிகக் குறுகியது, நுனி கூம்பியிருக்கும்.

கண் இல்லையெனக் கூறுவது முற்றும் சரியன்று. தோலின் அடியிற் கடுகளவான கண் மறைந்துள்ளது. இருளையும் ஒளியையும் பகுத்தறிய அது போதுமேயன்றி, உருவங்களைக் காணப் போதாது. இக்குறையை நிறைவு செய்வதற்காக, கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையே சிறிய பரிசக்கொம்பு ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் அமைந்துள்ளது. அது வெளியே நீண்டும் உள்ளே சுருங்கியும் மண்ணின் மணத்தை உணர்ந்து இரையைத் தேடிக் கொடுக்கும். வேறெந்த ஈரூடகவாழிக்கும் இத்தகைய உறுப்பு இல்லை.

தோல் எப்பொழுதும் சீதத்தால் ஈரமாயிருக்கும். சுவாசப்பை இருப்பினும், மூச்சின் ஒரு பகுதி தோல் வழியாகவே நடைபெறுகின்றது. ஆகவே தோல் உலர்தல் இப்பிராணிக்குச் சாவாகும். வெட்டி எறியாமல் வெயிலில் வரம்பின்மேற் போட்டுவிட்டாலும் அது நெடுநேரம் பிழைத்திராது. தோலின் மடிப்புகளுள் மிகச் சிறிய செதில்கள் புதைந்திருக்கின்றன. உருப்பெருக்காடி கொண்டு தேடினாலன்றி அவை புலப்படா. தவளைகளுக்கு இவ்வாறான செதில்கள் கிடையா.

மண்ணைத் துளைத்துச் செல்லும் விதம் வியக்கத்தக்கது. உறுதியான மண்டையோடே அதற்கு அலவாங்காகவும் மண்வெட்டியாகவும் பயன்படுகின்றது. முள்ளந்தண்டு ஓரளவு தனித்து முன்னும் பின்னும் நகரத்தக்கதாகத் தசைச்சுவர் அமைந்துள்ளது. தசைச்சுவர் வளையின் பக்கங்களை இறுகப் பற்றிக்கொள்ள, உள்ளிருக்கும் தண்டு தலையை முன்னே தள்ளும். உடலினுள் இருக்கும் பாய்பொருளும் அழுத்தப்பட்டு அத்தள்ளுதலுக்கு வலிமை கொடுக்கும். தலை சிறிது முன்னேறியபின் உடல் தளர்ந்து பின்தொடரும். எனினும் இறுகிக் காய்ந்த மண் இதற்கும் இடங்கொடாது. இலைச்சருகு மக்கி ஈரம் நிறைந்து பொலபொலவென்றிருக்கும் மண்ணே அதற்கு உகந்தது.

வாழிடமும் உணவும்

ஓடைக்கரை, வயலோரச் சதுப்பு, ஊற்று நீர் கசியும் மேட்டின் அடிவாரம், அழுகிய மரக்குற்றியின் கீழ், எருக்குவியலின் அடிப்பாகம், வாழைப் புதரின் வேரடி ஆகியவற்றை அடுத்துத் தேடுவோருக்குக் காலிலி அகப்படலாம். காட்டு மண்ணில் மட்டும் வாழ்வதன்று. பயிர்நிலத்திலும், ஈரமும் நிழலும் மக்கும் இலையும் இருக்குமாயின், நன்றாக வாழும். பகல் முழுவதும் மண்ணுள் மறைந்திருந்து, இரவிலும் கடும் மழை பெய்து ஓய்ந்தபின்னுமே சிற்சில வேளை மேற்பரப்பில் ஊர்ந்து திரியும். அயலிலே வாழ்நாள் முழுவதும் இருந்தவர்கூட இதனை ஒரிருமுறைக்கு மேற் காணாதிருத்தல் இதனாலேயே. காணப்படாமையைக் கொண்டு இல்லையென்று தீர்த்துவிடல் ஆகாது.

மண்புழு, கறையான், எறும்பு, மண்ணுள் வாழும் பூச்சிகளும் அவற்றின் குடம்பிகளும் இதன் உணவு. தாவர வேரையோ கிழங்கையோ முளையையோ தின்பதில்லை. உருளைக்கிழங்குப் பாத்தியிலே துளைபட்ட கிழங்கின் பக்கத்தில் ஒரு காலிலியைக் காண நேர்ந்தால், துளையிட்டது அதுவன்று. துளையிட்ட புழுவைத் தேடியே அது அவ்விடம் வந்திருத்தல் கூடும்.

மண்புழு கமக்காரரின் நண்பன் என்று திணைக்களங்கள் ஓயாது கூறிவர, அதனைத் தின்னும் பிராணியைக் காக்கச் சொல்லுதல் முரணன்றோ எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. காலிலி தன் உடலைச் சூடாக வைத்திருக்கும் பிராணியன்று. ஆதலால் அதன் உணவுத் தேவை மிகச் சிறிது. அதே அளவான உடலுடைய எலியொன்று தின்பதில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும். மண்புழு நிறைந்த நிலத்திலன்றி அது தங்குவதில்லை என்பதனையும் கருதல் வேண்டும். மறுபுறமாக, பூச்சிகளை ஒழித்துக் கமக்காரருக்குப் பேருதவி புரிகின்றது என்று இதனைப் புகழ்வதும் மிகையாகும். பயிருக்குத் தீங்கு செய்யாத, மண்ணின் நலத்தோடு சேர்ந்து வாழும் பிராணி என்பதே பொருத்தமான மதிப்பு.

வரம்பைத் துளைத்து நீரை வெளியேற்றுகின்றது என்னும் பழியும் சிலவிடங்களில் இதன்மேற் சுமத்தப்படுகின்றது. வரம்பு ஒழுகுவதற்கு வயல்நண்டும் எலியுமே பெரும்பாலான காரணங்கள். காலிலியின் வழி அதன் உடற்பருமனுக்கு மேல் அகலாது. மென்மண்ணில் அது சென்ற பின்னர் வழி தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஒழுகும் வரம்பைத் திருத்துவோர் நண்டு வளையைத் தேடுவதே பயனுடையதாகும்.

முட்டையும் தாயும்

இப்பிராணியின் வாழ்க்கையில் அறியவேண்டிய பகுதி இதுவே. ஆணும் பெண்ணும் கூடிய பின்னர், கருக்கட்டல் தாயின் உடலுள்ளேயே நிகழ்கின்றது. தவளைகளைப்போல் நீரில் முட்டையைச் சொரிந்துவிட்டுப் போவதில்லை. தாய், ஓடைக்கோ வாய்க்காலுக்கோ சமீபமான ஈர மண்ணில், மேற்பரப்பிலிருந்து அதிக ஆழமில்லாமல் ஓர் அறையமைத்து அங்கு முட்டையிடும். பட்டாணியளவான முட்டைகள் சீதத்தாலான நாண்களாற் கோக்கப்பட்டு, ஒன்றோடொன்று பின்னி ஒரு குலைபோல் இருக்கும். தாய் அக்குலையைத் தன் உடலாற் சுற்றி வளைத்துக்கொண்டு, குஞ்சுகள் வெளிவரும் வரையும் அவ்விடத்தை விட்டகலாது கிடக்கும்.

இச்செய்தியை உலகறியச் செய்தவர் சுவிற்சலாந்து தேசத்துப் பாசல் நகரைச் சேர்ந்த போல் சராசின், பிரிற்சு சராசின் என்னும் இருவர். ஒருவழி உறவினரான இவர்கள் 1883 முதல் 1886 வரை இலங்கையிற் தங்கிப் பேராதனைப் பகுதியிலே காலிலிகளைத் தேடி, முட்டையையும் கருவையும் நாட்கணக்காக ஆராய்ந்து, படங்களோடு பெருநூலாக வெளியிட்டனர். காலிலிகளின் வளர்ச்சியைக் கூற வரும் விலங்கியல் நூல்கள் இன்றும் பேராதனையிற் கண்ட அக்காட்சியிலிருந்தே தொடங்குகின்றன. முட்டை தன்னைச் சூழ்ந்த ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றது என்பதும், பொரிக்கும் தறுவாயிலுள்ள குஞ்சு புதிதாக இடப்பட்ட முட்டையிலும் நான்கு மடங்கு நிறையுடையதென்பதும் அவர்கள் கண்டறிந்தவை. மண் உலர்ந்துபோனால் முட்டையும் வீணாகும் என்பது இதனாற் பெறப்படும்.

முட்டையினுள்ளிருக்கும் கருவுக்கு மூன்று சோடி நீண்ட செந்நிறப் பூக்கள் (செவுள்கள்) இறகுபோற் பரந்து காணப்படும். பொரித்தபின் அவை விரைவில் உதிர்ந்துவிடும். குடம்பி நெளிந்து நீரை அடையும். அங்கு அது பல மாதங்கள் வாழ்ந்து வளரும். வாலின் மேலும் கீழும் மெல்லிய செட்டை, பக்கத்துக்கு ஒன்றாகப் பூப்பிளவு, நீரின் அசைவை உணரும் நுண்ணுறுப்புகள் ஆகியவை இக்காலத்தில் அதற்கு உண்டு. வாற்பேயைப்போல் உருண்ட வடிவினதன்று. சிறு விலாங்கு மீன் போலவே தோன்றும். பகலிற் கல்லின் கீழும் சேற்றினுள்ளும் ஒளிந்து, இரவிற் சிறு நீர்ப்பிராணிகளைத் தின்னும். இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை உட்கொள்ளும். பின்னர் உருமாற்றமடைந்து, செட்டையையும் பூப்பிளவையும் இழந்து, பரிசக்கொம்பைப் பெற்று, நிலத்தை அடைந்து மண்ணுட் புகும். அதன்பின் நீருக்குள் வாழ்வதில்லை.

ஆகவே, காலிலியொன்று தன் வாழ்க்கையை நிறைவு செய்வதற்கு ஈர மண்ணும் அதனை அடுத்துத் தூய நீரும் ஆகிய இரண்டும் தேவை. கமக்காரரின் வேலை இவ்விரண்டையும் தொடுகின்றது. தாயை வெட்டினால் ஒரு பிராணி மட்டும் அழிவதில்லை. காவலற்ற முட்டைக்குலை பூஞ்சணம் பற்றியும் எறும்புக்கு இரையாகியும் அழிந்துபோகக்கூடும். வாய்க்கால் நீரிற் பீடைநாசினி கலந்தால், மண்ணில் எத்தனை தாய்கள் இருப்பினும் அடுத்த தலைமுறை நிலத்துக்கு வராது.

பாம்போடு மயங்காதிருத்தல்

காலிலிக்கு நஞ்சுப்பல் இல்லை. கையிற் பிடித்தால் வழுக்கி நழுவ முயலுமேயன்றிப் பாய்ந்து கடிப்பதில்லை. தோற் சீதம் பகைவர்க்குச் சுவையற்றதாக இருக்குமாறு அமைந்துள்ளமையால், தொட்டவர் கண்ணைக் கசக்காமற் கையைக் கழுவிக்கொள்ளல் நன்று. 2020 ஆம் ஆண்டிற் பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர், அந்நாட்டில் வாழும் வேறோர் இனக் காலிலியின் பல்லடியிற் சுரப்பிகள் இருத்தலைக் கண்டு, அவை நஞ்சுச் சுரப்பிகளை ஒத்தவையாக இருக்கலாமென எழுதினர். நம்நாட்டுக் காலிலியால் மனிதருக்குத் தீங்கு விளைந்ததாக அறியப்படவில்லை.

இவ்வாறு கூறுவதைக் கொண்டு எருக்குழியில் நெளியும் யாவற்றையும் கையால் எடுக்கலாமென எவரும் எண்ணிவிடலாகாது. ஈரவலயத் தோட்டங்களில், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் சருகினுள் அசைவின்றிக் கிடக்கும். அதன் கடி உயிருக்கே ஆபத்தாதலும் உண்டு. வயல்களிற் புடையனும் நாகமும் உள. அடையாளம் இதுதான்: பாம்பின் தோலில் ஓடுகள் அடுக்கியதுபோற் செதில்கள் தெளிவாகத் தெரியும், தோல் உலர்ந்திருக்கும், பிளவுபட்ட நாக்கை வெளியே நீட்டும். காலிலியின் தோலில் வெளிச்செதில் இல்லை, ஈரமாயும் வளைய வளையமாயும் இருக்கும், நாக்கை நீட்டாது. நூல்போன்று மெலிந்து, காய்ந்து மினுங்கும் சிறிய புழுப்பாம்பு வேறு, அதுவும் நஞ்சற்றதே. ஐயமிருப்பின் கையை நீட்டாது தடியால் விலகி நின்று வழிவிடுதலே தக்கது.

வேலை செய்யும்போது கவனிக்கவேண்டியவை

கூட்டெருக் குவியலைப் புரட்டும்போது, மேற்பகுதியை மண்வெட்டியால் வாரினாலும், ஈரம் தங்கிய அடிப்பாகத்தை எருமுள்ளினால் ஒரு பக்கத்திலிருந்து மெல்லக் கிளப்புதல் வேண்டும். அவ்வாறு செய்வது காலிலிக்கு மட்டுமன்றி, மறைந்திருக்கும் பாம்பினின்றும் வேலையாளைக் காப்பதற்கும் நல்ல வழக்கமாகும். காலிலி வெளிப்பட்டால், ஈர இலைகளோடு சேர்த்து எருமுள்ளில் ஏந்தி, நிழலான ஈர மண்ணில் விட்டு மேலே சருகிடுக. சாம்பல், உப்பு, சுண்ணாம்பு ஆகியவை பட்ட கருவியாலோ கையாலோ தொடலாகாது. அவை அதன் தோலை எரித்துவிடும். முட்டைக்குலையோடு தாயைக் கண்டால், எடுத்த மண்ணை எடுத்தவாறே மூடிவிட்டு, அம்மூலையைச் சில வாரங்களுக்குத் தொடாது விடுக. குழியின் மற்றைப் பக்கத்து எருவைப் பயன்படுத்துவதால் எவருக்கும் நட்டமில்லை.

வாய்க்காலைத் தூர்வாரும்போது எடுக்கும் சேற்றிற் குடம்பிகள் கலந்திருக்கலாம். சேற்றை வண்டியேற்றித் தொலைவுக்குக் கொண்டுபோகாமல், நீருக்குச் சாய்வான கரையிலே ஓரிரவு விட்டுவைத்தால், உயிருள்ளவை தாமே நெளிந்து நீரைச் சேரும். விலாங்கு மீனின் குஞ்சென்று கருதிச் சிறுவர் பிடித்துச் செல்வதும் உண்டு; அவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்லலாம்.

பீடைநாசினி தெளித்த பம்பியை வாய்க்காலிற் கழுவுதல் எல்லாவற்றிலும் பெரிய கேடு. அந்நீரைக் குடிப்பவரும் அதிற் குளிப்பவரும் கீழே இருக்கின்றனர் என்பதை நினைத்தாலே இவ்வழக்கம் ஒழியவேண்டும். பம்பியைக் கழுவிய நீரை, தெளித்த பயிரின்மேலேயே தெளித்துவிடுதல் முறை. வாய்க்காற் கரையிலும் வரம்பிலும் வளரும் களையைக் களைகொல்லியால் எரிப்பதைவிடக் கத்தியால் அறுத்து அவ்விடத்திலேயே பரப்புதல் நன்று. கரை மண் அரிக்கப்படாமலும் ஈரம் உலராமலும் இருக்கும். மரக்கறிப் பாத்திகளுக்கு வைக்கோலும் சருகும் மூடாக்காக இடுவோர், தம்மை அறியாமலே காலிலிக்கும் இடமளித்தவராவர்.

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு முதலிய உலர்வலயப் பகுதிகளின் கமக்காரர் இப்பிரசுரத்தைப் படித்துவிட்டுத் தம் நிலத்தில் இதனைத் தேடுதல் பெரும்பாலும் பயன்படாது. ஆண்டின் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் மண் இதற்கு ஏற்றதன்று. அங்கு பூச்சாடியின் அடியிலும் கிணற்றடி வாழைப்பாத்தியிலும் காணப்படும் நூல்போன்ற கருநிறப் பிராணி புழுப்பாம்பே. கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் கமஞ்செய்வோரும், அங்குள்ள தோட்டங்களில் வீட்டை அடுத்து மரக்கறிப் பாத்தி வைத்திருப்போருமே இதனை எதிர்பார்க்கத்தக்கவர். மஞ்சட் கோடில்லாத காலிலியைக் காண்போர், அது அரிதாகக் கிடைக்கும் மற்றை இரு இனங்களுள் ஒன்றாயிருக்கக் கூடுமாதலால், அதனைக் கொல்லாமலும் இடம் மாற்றாமலும், கண்ட இடத்தையும் நாளையும் குறித்து, இயலுமாயின் படமும் எடுத்து, தம் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவிக்கலாம்.